ரெண்டாவதைப் போட்டுக் கொடு

பாம்பனில் ஜெர்லினைத் தேடி வருகிறவர்கள் செல்போன் கடை எங்கே என்று கேட்பதில்லை. பொட்டி பார்க்கிற அக்கா எங்கே என்றுதான் கேட்பார்கள். தங்கச்சிமடத்தில் பிறந்து, இராமநாதபுரத்தில் டிப்ளமோ படித்து, ஜெபஸ்டினுக்கு வாக்கப்பட்டுப் பாம்பனுக்கு வந்தவள். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவள் சர்வீஸ் கடை போட்டபோது முகம் சுளித்தவர்களே, உப்புத் தண்ணீரில் விழுந்த போனைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடி வந்தார்கள். அதில் அவளுக்கு ஒரு சின்னத் திமிர் உண்டு. இருக்கட்டுமே, யாருக்குத்தான் இல்லை?

பொட்டி என்பது கைக்கணினி. கோயம்புத்தூரில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் கம்பெனி, கடலுக்குப் போகிறவர்களுக்காகச் செய்தது. உள்ளங்கையில் அடங்கும். திருகாணியைக் கழற்றி யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், எந்த இயங்குதளத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், எதையும் பூட்டி வைக்கவில்லை என்பதுதான் அதைச் செய்தவர்களின் பெருமை. கம்பெனியே போட்டு அனுப்பிய இயங்குதளம், வள்ளம் எங்கே நிற்கிறது என்பதைக் கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். போனில் அந்தப் படத்தை யாரும் பார்க்கலாம். ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும், கரையில் இருக்கும் எல்லார் போனும் அலறும்.

கரைக்காரர்களுக்கு அங்கேதான் இடித்தது. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். ஒருவன் கண்டுபிடித்த பாரைக் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்லமாட்டான். புறப்படும்போதே வள்ளத்தை வேறு திசைக்கு விட்டு, கரையின் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தன் பாருக்குத் திரும்புவான். அப்படிப்பட்ட ஆட்களிடம் போய், நீ நிற்கிற இடம் ஊருக்கே தெரியும் என்று சொன்னால் பொட்டியைக் கொண்டாடவா செய்வார்கள்?

அப்போதுதான் ஜெர்லின் இன்னொரு இயங்குதளத்தைக் கண்டுபிடித்தாள். எந்த ஊர்ப் பிள்ளைகளோ ஆசைக்கு எழுதி இணையத்தில் சும்மா விட்டது. உட்கார்ந்து அதற்குத் தமிழ் எழுதினாள். அதில் பாரைக் குறித்து வைக்கலாம், போன தடத்திலேயே திரும்பி வரலாம். யாருக்கும் எதையும் சொல்லாது. ஆனால் அதில் சிவப்புப் பொத்தானும் யாருக்கும் எதையும் சொல்லாது. அந்தப் பொத்தானைக் கரையோடு சேர்த்து வைக்கிற வேலையைக் கம்பெனி மட்டும்தான் செய்ய முடியும். பொட்டியைப் போட்டதும் முதலாவதா, ரெண்டாவதா என்று கேட்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

ஊர் முழுக்க ரெண்டாவதைக் கேட்டு வந்தது. முதலாவதோடு புறப்படுவார்கள், பொய்த் திசையில் கொஞ்ச தூரம் போவார்கள், அங்கே ரெண்டாவதுக்கு மாறிவிட்டு நிஜமான பாருக்குப் போவார்கள். கரைப் படத்தைப் பார்த்தால் பாம்பன் வள்ளங்களெல்லாம் மீனே இல்லாத இடத்தில் வலை விட்டுக் கூடை கூடையாக மீன் கொண்டு வந்தன.

ஜெர்லினுக்கு இது உறுத்தியது. கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கம்பெனியிலிருந்து பூங்கோதை என்ற பெண் இராமநாதபுரத்துக்கு வந்து கூட்டம் போட்டாள். ரெண்டாவதையும் கம்பெனியே ஏற்று, தன் பெயரில் பார்த்துக்கொள்ள வேண்டுமா, கூடாதா என்பதுதான் பேச்சு.

"நாங்க நாலு பேருதான் அக்கா. ஒண்ணையே ஒழுங்காப் பார்க்க முடியல. ரெண்டாவதுலயும் எங்க பேரைப் போட்டா, ஒருத்தர் அதை நம்பிக் கடலுக்குப் போவாரு. அந்த நம்பிக்கைக்கு நாங்க பதில் சொல்ல முடியணும்" என்றாள் பூங்கோதை.

"இப்பவும் நம்பித்தான் போறாக மேடம். கதவத் தெறந்து வச்சுக்கிட்டு, உள்ள வந்தா எங்களக் கேக்காதீகன்னா எப்படி? ஒண்ணு பூட்டுங்க. இல்ல, ரெண்டுக்கும் பொறுப்பெடுத்து அந்தப் பட்டன வேல செய்ய வைங்க."

பூட்டினால் என்ன செய்வார்கள் என்று பூங்கோதை கேட்டாள். ஜெர்லினால் பொய் சொல்ல முடியவில்லை. பொட்டியையே அணைத்துவிட்டுப் போவார்கள் என்றாள். கூட்டம் அத்தோடு கலைந்தது. ரெண்டாவதைப் போடத் தடையில்லை, ஆனால் கம்பெனி பொறுப்பல்ல என்று பிறகு ஒரு அறிவிப்பு வந்தது. ஜெர்லின் அதை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினாள். ஒருவரும் படிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளே அதன் மேல் காலண்டரை மாட்டிவிட்டாள்.

ஜெபஸ்டினின் பொட்டியிலும் அவள்தான் ரெண்டாவதைப் போட்டாள். அவன் குறித்த பார்களைப் புதுக் கார்டுக்கு மாற்றும்போது திரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் அப்படிச் சொன்னதில்லை. அது அவளே அவனுக்குக் கொடுத்த மரியாதை.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று திடீரென்று முறுக்கிக்கொண்ட ஒரு நாள், காலையில் போன வள்ளங்களெல்லாம் கிடைத்த அரைகுறை மீனோடு கரைக்கு ஓடி வந்தன. ஜெபஸ்டினும் அவனோடு தொழிலுக்குப் போன பிரபுவும் வரவில்லை. கரைப் படத்தில் ஜெபஸ்டினின் புள்ளி முயல்தீவுப் பக்கம் அசையாமல் நின்றது. அம்மார் என்ற மூத்த மீனவர் தன் பெரிய வள்ளத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு மிதவைகூட இல்லை என்று திரும்பி வந்தார். அது ஜெபஸ்டின் கரையை ஏமாற்றிய இடம் என்பது ஜெர்லினுக்குத் தெரியும். அங்கிருந்து எங்கே போனான் என்பதுதான் தெரியாது.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். ரெண்டாவதிலிருந்து ஒரு துளி சேதியாவது வந்திருக்காதா என்று கேட்டாள். பூங்கோதை தேடிப் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை அக்கா என்றாள். ஜெர்லினின் கண்ணுக்குள் ஒரே ஒரு காட்சிதான் ஓடியது: அவன் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறான், மறுபடி அழுத்துகிறான், கரையில் ஒரு போனும் அலறவில்லை. அணைத்துப் போட்டு முதலாவதுக்கு வந்தால்தான் கேட்கும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தலைக்கு மேல் தண்ணீர் வரும்போது யாருக்கு அது ஞாபகம் வரும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தத் திரையைப் பார்த்திருக்கக் கூடாதா என்று தன்னையே சபித்துக்கொண்டாள். அவள் கட்டிக் காத்த மரியாதை அவன் உயிருக்கு உலை வைத்துவிட்டது.

கரைக்கு ஓடினாள். ஆண்கள் கூட்டமாக நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோஸ்ட்கார்டுக்குச் சொல்லியாகிவிட்டது, எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள் என்றார் அம்மார். தென்கடல் முழுக்க எந்தப் பக்கம் என்று சொல்வது? ஜெர்லின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மாதாவே என்று அவளுக்கு வாயில் வந்தது, ஆனால் பேசியது இவர்களிடம்தான்.

"உங்க பாரு எதையும் நான் கேக்கல. அவரு பாரு எங்கனன்னு யாருக்காச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்க. களவாப் பின்னால போய்ப் பாத்ததா இருந்தாலும் சரி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், ஒருத்தரையும் கேக்க விட மாட்டேன்."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கையால்தானே எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தேன் என்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாரின் மனைவி சாலிஹா வந்து கையைப் பிடித்துத் தடுத்தாள். காற்று இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற எட்வர்ட், ஜெபஸ்டினோடு தொழிலில் எப்போதும் போட்டிக்கு நிற்கிற ஆள், தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "பின்னாலயே போயிருக்கேன். வெளக்க அணச்சுட்டு, பொட்டியில ரெண்டாவதப் போட்டுக்கிட்டு."

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். எட்வர்ட் அதைத் துடைத்துப் போடுவதுபோலத் தலையை உலுக்கிக்கொண்டு, தென்கிழக்கே இன்ன இடம் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். காலையிலிருந்து இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்ற மனிதரைக் கும்பிடுவதா, சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று ஜெர்லினுக்குத் தெரியவில்லை. அதற்குள் அவர் தன் வள்ளத்தைத் தள்ளிவிட்டிருந்தார். அம்மாரும் பின்னால் போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் இருவரையும் கொண்டுவந்தார்கள். வள்ளம் கவிழ்ந்து கிடந்ததாம், இரண்டு பேரும் அதன் அடிப்பலகையைக் கட்டிக்கொண்டு கிடந்தார்களாம். பிரபு உப்புத் தண்ணீராகக் கக்கினான். ஜெபஸ்டினின் கட்டைவிரல் வீங்கியிருந்தது. பொத்தானை அழுத்தி அழுத்தி வீங்கிய விரல். மாற்றிப் போட வேண்டும் என்பது ஞாபகம் வந்தபோது பொட்டிக்குள் தண்ணீர் போய்விட்டதாம். ஜெர்லின் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் வெடித்த உதட்டைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "யாரு சொன்னது?" என்பதுதான். அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு அவள் ஓவென்று அழுதாள்.

அந்தப் பார் அன்றோடு ஊர்ப்பொதுவாகிவிட்டது. ஜெபஸ்டின் எட்வர்டின் முகத்தில் விழிப்பதில்லை. உயிரைக் காப்பாற்றியவர் என்பது ஒரு பக்கம், பாரைத் திருடியவர் என்பது ஒரு பக்கம். அவன் மனதில் திருட்டுதான் பெரிதாக நின்றது. கம்பெனியிலும் ரகளை. ரெண்டாவதைப் பூட்ட வேண்டும் என்று பாதிப் பேர், ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பாதிப் பேர். பேசிக்கொண்டிருக்கிறோம் அக்கா என்று பூங்கோதை சொன்னாள். இன்னமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடன் வாங்கி வள்ளத்தைச் சரி செய்த பிறகு, ஜெபஸ்டின் ஒரு புதுப் பொட்டியைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான். ரெண்டாவதைப் போட்டுக் கொடு என்றான். புதுப் பார் ஒன்று சிக்கியிருக்கிறதாம். மாட்டேன் என்றாள். அப்படியானால் பொட்டியே வேண்டாம், வெறுங்கையோடு போகிறேன் என்றான். போகக் கூடியவன்தான். எந்த இடம் என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டாள். அவன் திருப்புளியை எடுத்து உருட்டிக்கொண்டே, குந்துகாலுக்கு நேர் தெற்கே என்றான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிற முகம். பொய் சொல்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரெண்டாவதைப் போட்டு, திருகாணியை முடுக்கிக் கையில் கொடுத்தாள்.

அவன் போன பிறகு கடையைச் சாத்திவிட்டுக் கரைக்கு நடந்தாள். எட்வர்ட் தனியாக உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. ஜெர்லின் அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எட்வர்ட் அண்ணே, அவரு நாளைக்குக் கெளம்புறாரு" என்றாள். "வெளக்க அணச்சுட்டுப் பின்னாலயே போங்க."