கரைக்கடலுக்கும்

என் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் இந்தப் பலகை, வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்தின் படகுத்துறையில் தொங்கியது. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று வெள்ளையில் எழுதியவன் நான். அதன் தலைக்கு மேல், நெருக்கியடித்துக்கொண்டு, சிவப்பில் ‘கரைக்கடலுக்கும்’ என்றொரு சொல். அதையும் நான்தான் எழுதினேன். எழுத வைத்தவர் அவ்வூர் மீன்காரம்மா.

மன்னார்குடிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்து, கடற்கரையில் அரசாங்க எழுத்தராகப் போனவன் நான். கால் நனைந்தால் எனக்கு அது கடல். அவர்களுக்கு அப்படியில்லை. ஐஸ் ஏற்றி, சோறு கட்டிக்கொண்டு, கரை மறையப் போனால்தான் கடலுக்குப் போவது. கோயில் கோபுரம் கண்ணில் படும் வரைக்கும் கரைக்கடல். அங்கே போவது பக்கத்து வீட்டுக்குப் போய் வருவது மாதிரி.

ஒரு புயலின்போது அந்த அம்மாவின் கணவர் என் பலகைக்குக் கட்டுப்பட்டுப் பெரிய படகை மேலே ஏற்றிக் கட்டினார். பிறகு, கரைக்கடலில் விரித்திருந்த வலையை எடுத்துவரக் கட்டுமரத்தில் போனார். மறுநாள் உடல்தான் ஒதுங்கியது. ‘எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்றவர்’ என்று அறிக்கை எழுதினேன்.

காரியம் முடிந்த கையோடு அந்த அம்மா அலுவலகம் வந்தார். அழவில்லை.

“அவரு மீறலைங்க சார். நீங்க கடல்னு எழுதுனீங்க, போகலை. கரைக்கடல்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா வீட்டுலயே இருந்திருப்பாரு. மீறினாருங்கறத எடுத்துடுங்க. பலகையில அதையும் போடுங்க.”

என்னைச் சபித்திருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். இனி யாரும் போய்விடக்கூடாது என்பதல்லவா அவர் கவலை! அப்படியொரு மனசு எனக்கு வாய்த்திருக்காது. அவர் கணவர் மீறவில்லை, பலகையின் குறை என்னுடையது என்று அறிக்கையை மாற்றி எழுதினேன். “உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்களே” என்றார் அதிகாரி. மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

சிவப்புப் பெயிண்டை அந்த அம்மாவே கொண்டுவந்தார். கணவர் படகுக்கு வாங்கியதில் மிச்சம். நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தார்.

இப்போது எச்சரிக்கை செல்போனில் போகிறது. பலகை ஓய்வுபெற்ற என்னோடு வந்துவிட்டது. போன வாரம் காற்று வலுத்தபோது அந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

“மெசேஜ் வந்துச்சு சார். கரைக்கடலும் போட்டிருக்கு. பையன் கட்டுமரத்தை மேல ஏத்திட்டான். சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்.”

போனை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தேன். என் வெள்ளை எழுத்துகள் பாதி உதிர்ந்துவிட்டன. படகுக்கு வாங்கிய சிவப்பு அப்படியே இருக்கிறது.