வேகாத பருப்பும் இருநூற்று ஆறும்

என் அக்கா ஐந்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தாள். தோற்றுப்போய் அல்ல. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பே கிடையாது. போடியிலிருந்து மலை உச்சியில் இருக்கும் மெட்டுக்கு ஏறுகிற வழியில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் பள்ளிக்கூடம். அங்கே ஒரே வாத்தியார் எங்கள் அப்பா. பெண்பிள்ளையைப் போடியில் தங்கவைத்துப் படிக்கவைக்க அவருக்கு மனசு வரவில்லை. அந்த வருஷமும் ஆறாம் வகுப்பு வராவிட்டால், பருத்தி எடுக்க ராசிங்காபுரத்து அத்தை வீட்டுக்கு அக்காவை அனுப்பிவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். எனக்கு எட்டு வயது. இதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

வகுப்பைக் கூட்டித் தருவது இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. அறிவியலைச் செய்து காட்டித்தான் சொல்லித்தர வேண்டும் என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்கிறார் எனக் கேள்விப்பட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டுவதாக அப்பா தீர்மானித்தார். போடியில் ஒரு ஹைஸ்கூல் வாத்தியார் தெர்மாமீட்டர் இரவல் தருவதாகச் சொல்லியிருந்தார். அது வந்து சேரும்வரை விளக்குமாற்றுக் குச்சியை வைத்து ஒத்திகை பார்த்தோம். அக்கா குச்சியைச் சட்டிக்குள் விட்டு உற்றுப் பார்ப்பாள். "இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி!" என்று நாங்கள் கூரை அதிரக் கத்துவோம். தண்ணீர் கொதிக்கிற சூடு பாரன்ஹீட்டில் அவ்வளவு என்றுதான் புத்தகத்தில் போட்டிருந்தது. குச்சி ஒருநாளும் எங்களை ஏமாற்றவில்லை.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் காலையில்தான் தெர்மாமீட்டர் லோடு ஜீப்பில், துண்டில் சுற்றி வந்தது. அதைச் சரிபார்க்க நேரமில்லை. பின்னாலேயே இன்ஸ்பெக்டரின் ஜீப்பும் வந்துவிட்டது.

அடுப்பை ஊதுகிற வேலை என்னுடையது. தண்ணீர் தளபுளவென்று கொதித்தது. அக்கா குனிந்து பார்த்தாள்.

"எரநூத்தி ஆறு."

"நல்லாப் பாரு ஆத்தா, இன்னும் ஏறும்" என்றார் அப்பா. நான் உயிரைக் கொடுத்து ஊதினேன்.

"ஆறுதாம்ப்பா."

அப்பாவின் முகம் கெஞ்சியது. எனக்குப் பொறுக்கவில்லை. "இருநூற்றுப் பன்னிரண்டு!" என்று நான் கத்த, மொத்தப் பள்ளிக்கூடமும் சேர்ந்து கத்தியது. அக்கா ஒருத்திதான் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அவளையே மறுபடி கேட்டார்.

"ஆறுதாங்கய்யா காட்டுது. வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

அவரும் பார்த்தார். நோட்டை எடுத்து, "கருவி பழுது. ஆசிரியருக்குப் பயிற்சி போதாது" என்று எழுதினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அக்காவைக் கிள்ளிவைக்க வேண்டும் போல ஆத்திரமாக வந்தது.

இருந்தாலும் வந்த விருந்தாளியைப் பசியோடு அனுப்ப முடியுமா? மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. முதல் கவளம் வாய்க்குள் போனதும் இன்ஸ்பெக்டரின் பல்லில் 'கடக்' என்று ஏதோ கடிபட்டது. துவரம்பருப்புதான். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா கூசிப்போனாள்.

"கோவிச்சுக்கிறாதீங்கய்யா. விடியக்காலம் ஏத்துன பருப்பு. போடியிலன்னா வெரசா கொழைஞ்சிரும். இங்க எம்புட்டு எரிச்சாலும் முழிச்சுக்கிட்டு நிக்கிது. மலை வெறகு, ஈரம்."

மலையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். விறகின் தலையில் பழியைப் போட்டு, இரண்டு மடங்கு எரிப்பார்கள். மோர் ஊற்ற வந்த அக்கா அப்படியே நின்றாள்.

"போன மாசம் போடியில இருந்து காஞ்ச வெறகு கொண்டாந்தமே. அதுலயும் வேகலையேம்மா."

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். "தண்ணி கொதிக்கிது. ஆனா சூடு பத்தலை."

இன்ஸ்பெக்டரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அக்காவைப் பார்த்தார், பருப்பைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "மலையிலே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். காலேஜிலே இதை எழுதி மார்க்கும் வாங்கினேன், குழந்தே. ஒரு அடுப்பைக்கூடப் பார்த்ததில்லை."

கை கழுவிவிட்டு நோட்டை எடுத்து, எழுதியதை அடித்தார். தெர்மாமீட்டரைத் தானே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு இறங்கினார். நான்காம் நாள் அக்கா பெயருக்கு அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "போடியில் 210" என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அதே தெர்மாமீட்டர் கீழே நாலு டிகிரி கூடக் காட்டியிருந்தது; போடியும் கொஞ்சம் மேடு என்பதால் பன்னிரண்டைத் தொடவில்லை. பின்னாலேயே ஆறாம் வகுப்புக்கு உத்தரவும், ஒரு பெட்டி நிறைய அறிவியல் சாமான்களும் வந்தன. அப்பா விளக்குமாற்றுக் குச்சியை அடுப்பில் போட்டார்.

ஆனால் அன்று, ஜீப்பு வளைவில் மறைந்ததுமே நான் அக்காவிடம் சண்டைக்குப் போயிருந்தேன். "பன்னெண்டுன்னு சொல்லியிருந்தா கொறைஞ்சா போயிருவ? அப்பாவத் தல குனிய வச்சுட்டியே!"

"அதுல ஆறுல்ல இருந்துச்சு" என்றாள், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே.

வீம்புக்காரி என்று நினைத்தேன். அதே ஆறாம் வகுப்பில் நான் போய் உட்கார மூன்று வருஷம் ஆனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று வகுப்பு கிடைக்காமல் போயிருந்தால் அப்பா வாத்தியாராகவே இருந்திருப்பார், நான் எப்போதும்போல மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். ராசிங்காபுரத்துக்கு மூட்டை கட்டியிருக்க வேண்டியவள் அக்கா ஒருத்திதான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் மூன்று தடவையும் ஆறு என்று சொன்னாள்.