குன்றின் மேல் ரிப்பீட்டர், குன்றின் கீழ் நான்

வயர்லெஸ் வேலையில் உயரம்தான் எல்லாம். அந்த உயரத்துக்கு என்னை ஏறவிடவில்லை என்பதுதான் எனக்கு நடந்த அநியாயம்.

போன வருஷம் எம்.எஸ்ஸி. பௌதிகப் பரீட்சையை எழுதிவிட்டு, மீனவர் குப்பங்களுக்குப் புயல் செய்தி சொல்லும் ஒரு சோதனைத் திட்டத்தில் சேர்ந்தேன். செங்கல்பட்டுக்குக் கிழக்கே ஒரு மொட்டைக் குன்று. அதன் உச்சியில் ரிப்பீட்டர். மாமல்லபுரத்திலிருந்து செய்யூர்ப் பக்கம் வரை கடலோரத்தில் குப்பத்துக்கொரு வயர்லெஸ் பெட்டி. எந்தக் குப்பத்தில் கேட்கிறது, எதில் கேட்கவில்லை என்று பஸ்ஸிலும் நடந்தும் போய்ப் பார்த்து வருவது என் வேலை. ஏதாவது ஒரு அலுவலகத்தில், ஏதாவது ஒரு பெரிய மனுஷர் வாயால் "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்று கேட்டுப் பல்லைக் கடித்தவர்கள் எல்லோரும் இதைப் படிக்கலாம். நம் கட்சிதான்.

உன் நல்லதுக்குத்தான்

முதல் நாளே குன்று ஏறத் தயாராக, செருப்பை விட்டுவிட்டு கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போனேன். எஞ்சினியர் தாமோதரன் சார் என் காலைப் பார்த்தார். "மேலே உனக்கு வேலை இல்லம்மா. ஏரியல்லேர்ந்து வர்ற அலை பொம்பளைங்க உடம்புக்கு ஆகாது" என்றார்.

"ஏறுறது ஆம்பளையா பொம்பளையான்னு அலைக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டேன். நிலாவில் மனுஷன் கால் வைத்து வருஷங்கள் ஆகிவிட்டன, செங்கல்பட்டுக் குன்றில் நான் கால் வைக்கக் கூடாதா என்றும் கேட்டேன். டெக்னீஷியன் ஏகாம்பரம் தினமும் அந்த ஏரியல் கம்பத்தில்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுகிறாராம், அவருக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்டேன். மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது.

"நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகணுமில்லம்மா?"

நாத்தனார்

கடைக்கோடியில், செய்யூர்ப் பக்கம் இருந்த தெற்குக் குப்பத்தில் பெட்டி கன்னியம்மா அக்கா வீட்டில் இருந்தது. கூடை தூக்கி மீன் விற்பவர். வீட்டுக்காரரும் கொழுந்தனும் கடலுக்குப் போகிறவர்கள். மற்ற குப்பங்களில் எல்லாம் பெட்டி பேசியது. இங்கே மட்டும் அது உஸ்ஸென்று மூச்சு விட்டதோடு சரி. இங்கிருந்து நாம் பேசினாலும் குன்றுக்கு எட்டவில்லை.

"இது இன்னாத்துக்கு மலை மேல போய் குந்திக்கினு கீது?" என்று அக்கா கேட்டார். விளக்கினேன். குப்பத்துப் பெட்டி பேசுவது கொஞ்ச தூரம்தான் போகும். ரிப்பீட்டர் மேடான இடத்தில் உட்கார்ந்து, ஒருத்தர் சொன்னதைக் காதில் வாங்கி, அந்த நிமிஷமே ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி உரக்கத் திருப்பிச் சொல்லும். சொந்தமாக ஒன்றும் சொல்லாது. பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்ட பெருமையில் நிமிர்ந்தேன்.

"எங்க நாத்தனாரு மாதிரின்னு சொல்லேன். அவளும் மேட்டுத் தெருவுலதான் கீறா!"

எல்லோரும் சமம்

தெற்குக் குப்பத்துக்குக் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். தாமோதரன் சார் ரிப்பீட்டரில் இருந்த பத்து வாட் பெட்டியை எடுத்துவிட்டு இருபத்தைந்து வாட் பெட்டியை மாட்டச் சொன்னார். நான் வாதாடினேன். "சார், இந்த அலை கண் பார்வை மாதிரி. நேருக்கு நேர் தெரிகிற இடத்துக்குத்தான் ஒழுங்காகப் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு வெளிச்சம் வரவில்லை என்றால் விளக்கை உயர்த்த வேண்டும். பெரிய பல்பு போட்டு என்ன லாபம்?" அவர் சிரித்தார். புத்தகம் வேறு, ஃபீல்டு வேறு என்றார். இந்த வாக்கியத்தையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

குன்றில் கரண்ட் கிடையாது. லாரி பேட்டரியில்தான் எல்லாம் ஓடியது. அவர் மாட்டவைத்த இருபத்தைந்து வாட் அதைக் குடித்துத் தீர்த்துவிட்டது. மறுநாள் மத்தியானத்துக்குள் ரிப்பீட்டர் படுத்துக்கொண்டது. மாமல்லபுரத்திலும் கேட்கவில்லை, வேறு எங்கும் கேட்கவில்லை. நான் தெற்குக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கன்னியம்மா அக்காவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"மின்னாடி நாங்க மட்டும் செவுடு. இப்ப கடலோரம் பூரா செவுடா? நல்லா கீதும்மா உங்க நாயம்."

வாளை மீன் ஆராய்ச்சி

மறுபடியும் பத்து வாட். இதற்குள் அலையால் என் கல்யாணம் கெடும் என்ற பேச்சு எப்படியோ பஸ் ஏறி தெற்குக் குப்பம் வரை போய்விட்டது. பெட்டி இருக்கிற வீட்டுப் பெண்களுக்கு ஆபத்தா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். உட்காரவைத்துச் சொன்னேன். இந்த அலை எக்ஸ்ரே மாதிரி இல்லை. ரொம்பப் பலமாக, ரொம்பக் கிட்டத்தில் பட்டால் உடம்பைச் சூடாக்கும். அதுதான் அதன் சேட்டை. உங்கள் பெட்டி வெறும் ஐந்து வாட். பேசும் பித்தானை அழுத்தும்போது ஏரியல் குழாயை மட்டும் கையால் தொடாதீர்கள், விரல் நுனி சுரீரென்று சுடும். எட்டி நின்றால் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், ஏரியல் முழுக்க வாளை மீன் தோரணம். ஈரம் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. பதறிப்போய், "அக்கா, என்ன இது?" என்றேன். சூடு வரும் என்று சொன்னாயே, கருவாடு சீக்கிரம் ஆகுமா என்று பார்த்தேன் என்றார். பித்தானை அழுத்தி அழுத்தி விரல் வலித்ததுதான் மிச்சம், மீன் வெயிலில்தான் காய்ந்தது என்று புகார் வேறு. ஏரியலில் மீன் மாட்டக் கூடாது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஒரு மீனைக் காய வைக்கத் துப்பில்ல, இதைப் பார்த்தா ஒங்க ஆபீஸ்ல பயந்துக்கினு கீறாங்க?"

நிழல்

மழைக்காலம் நெருங்கியது. தெற்குக் குப்பத்துப் பெட்டியைத் திருப்பி எடுத்து வேறு ஊருக்குக் கொடுத்துவிடலாம் என்று தாமோதரன் சார் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கையெழுத்தாகிவிடும். கடலில் காற்று திரும்பினால் கன்னியம்மா அக்கா வீட்டு ஆட்களுக்கு மட்டும் சொல்ல நாதி இல்லை. ரிப்பீட்டர் கேட்கும் திசைகளை நான் ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். வடக்கே கூடுவாஞ்சேரி தாண்டியும் கேட்கிறது. கிழக்கே சுகம். தெற்கே மட்டும் யாரோ கத்தியால் வெட்டிய மாதிரி நின்றுபோகிறது. தூரம் காரணம் இல்லை, எதுவோ மறைக்கிறது.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஏகாம்பரத்தைப் பிடித்தேன். "அண்ணே, கம்பத்துக்குத் தெற்கே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. பாறை."

"எவ்வளவு பெரிய பாறை?"

"யானை கணக்கா கீது. கம்பத்தை விட ரெண்டு முழம் ஒசரம்."

"அதுக்குப் பின்னாடி கொண்டுபோய் ஏன் நட்டீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நெழலு எங்க விழுதோ அங்கதானம்மா மனுசன் குந்த முடியும்?"

மருத்துவப் புத்தகம்

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொன்னேன்: கம்பத்தைப் பாறை மேல் ஏற்றி, இன்னொரு குழாயும் சேர்த்து உயர்த்தினால் போதும். பத்து வாட்டே தெற்குக் குப்பம் போகும். நானே ஏறிச் செய்கிறேன். தாமோதரன் சார் பழைய பாட்டை எடுத்தார்: பொம்பளைங்க, அலை, உடம்பு.

"சார், லைப்ரரியில் மருத்துவப் புத்தகம் பார்த்தேன். பலமான அலையின் சூட்டை ரத்த ஓட்டம்தான் ஆற்றும். அந்த ஓட்டம் குறைந்த இடங்கள் முதலில் கெடும் என்று இரண்டு உறுப்பைப் போட்டிருக்கிறார்கள். ஒன்று கண்." இரண்டாவதை இங்கிலீஷில் சொன்னேன். "அது பெண்களிடம் கிடையாது, சார்."

ஏகாம்பரத்துக்குச் சித்திரையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அர்த்தம் கேட்டார். காதில் விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டார். நம் பத்து வாட்டுக்கு அதெல்லாம் நடக்கவே நடக்காது, அணைத்துவிட்டு ஏறினால் அலையே இல்லை என்று நான் இரண்டு தடவை சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். ஆண்கள் காதில் ஏறினால்தானே! நாளைக்கு யார் ஏறுவது என்று கேட்டால் ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தருக்கு மச்சினி சீமந்தம். ஏகாம்பரம் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டார். தாமோதரன் சார் மேஜைமேல் இருந்த ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரிம்மா, நீயே ஏறு."

பதில்

ஏறினேன். ரிப்பீட்டரை அணைத்துவிட்டு, பாறை மேல் கம்பத்தை நிறுத்தி, அது சாயாமல் இருக்க இழுவைக் கம்பிகளைக் கட்டினோம்; ஏகாம்பரம் கொஞ்சம் எட்டி நின்றுதான் கம்பி பிடித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது, நிழலைப் பற்றி அவர் சொன்னது பொய் இல்லை. பாறையிலிருந்து இறங்கி சுவிட்சைப் போட்டு, கைப்பெட்டியை வாயருகே வைத்து, தெற்குக் குப்பம், தெற்குக் குப்பம் என்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டேன். இத்தனை மாதம் என்னை மேலே விடாதவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே கூப்பிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று பெட்டியிலிருந்து வந்த குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தோன்றியது.

"கேக்குதும்மா, கேக்குது! இன்னாத்துக்கு இப்டி கத்திக்கினு கீற?"