மாமா தெரிவு செய்த ஒருநாள் அணி

பதுளை பஸாரில் எனக்கு இரும்புச் சாமான் கடை இருக்கிறது. இரண்டு லொறி ஓடுகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், யாருடைய சிபாரிசும் இல்லாமல் இதையெல்லாம் உண்டாக்கினேன். இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு சொல்ல வேண்டியதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். சாயங்காலமானால் கடை வாசலில் பையன்கள் போனும் கையுமாக நின்று, எக்காலத்துக்கும் சிறந்த ஒருநாள் கிரிக்கெட் அணி எது என்று மல்லுக்கு நிற்பார்கள். கடைசியில் தீர்ப்புக்கு என்னிடம்தான் வருவார்கள். நான் ஒரே மூச்சில் பதினொரு பேரைச் சொல்வேன். எவனும் மறுத்துப் பேசியதில்லை. பாதிப் பேர் உங்களிடம் வேலை செய்கிறவர்கள், எப்படி மறுப்பார்கள் என்று என் மனைவி கேட்கிறாள். அது வேறு விஷயம்.

இந்த வித்தையை நான் படித்தது தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில், என் தாய்மாமாவிடம். அம்மாவுக்கு நேர் இளையவர். தேயிலை ஃபெக்டரியில் வேலை. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ரேடியோ வைத்திருந்த ஒரே ஆள். எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

ரேடியோவில் வர்ணனை இங்கிலீஷில் ஓடும். மாமாவுக்கும் எங்களைப் போலத்தான் இங்கிலீஷ். ஆனால் கூட்டம் போடுகிற சத்தத்தை வைத்தே யார் அவுட், எப்படி அவுட் என்று நடித்துக் காட்டுவார். அதில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் உலகத்திலேயே சிறந்த அணியைத் தெரிவு செய்வோம். எக்காலத்துக்கும் என்றுதான் பேச்சு, உலகக் கோப்பை என்று ஒன்று தொடங்கியே நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. மேற்கிந்தியக்காரர்களுக்கு நாலு இடம் கேள்வியில்லாமல் போய்விடும். ஒரு பந்துவீச்சாளரை, அவர் பெயரைச் சொன்னால் வாய் நிறைகிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுத்தோம். இந்தியாவில் ஒருவர், நம் நாட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது மாமாவின் சட்டம். ஏன் என்று கேட்டால், ஆளுக்கொன்று இருக்கட்டும் என்பார்.

ஒரு நாள் மாமா, உலக அணி போதும், நம்ம தோட்டத்துக்கே எக்காலத்துக்கும் சிறந்த ஒருநாள் அணி ஒன்று எடுக்க வேண்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை மெச் வைக்க வேண்டும் என்று அறிவித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் தோட்டத்தில் என்னைப் போல் பந்து போடுகிறவன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, என்னைவிட இரண்டு மடங்கு உயரமானவர்களின் குச்சியைப் பறக்கவிட்டிருக்கிறேன். மாமாவே பல தடவை, "மருமவனே, நா டீமு எடுத்தா மொதப் பந்து ஒனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க ஃபெக்டரிச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து தோள்மூட்டு வீங்கிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் பெரட்டுக்களத்தில் கூடினோம். விடியற்காலையில் கங்காணி பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று ஆட்களைப் பிரித்து அனுப்புகிற இடம் அது. மாமாவும் அப்படியே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்று, பெயர் கூப்பிட்டால் வலது பக்கம் வந்து நிற்க வேண்டும் என்றார். நான் கூப்பிடுவதற்கு முன்னமே வலது பக்கம் ஓரடி வைத்துவிட்டேன்.

முதல் பெயர் பெரியப்பா. அவருக்கு அந்திக் கருக்கலில் ஆள் அடையாளமே தெரியாது. இரண்டாவது பெயர், அப்பாவின் தங்கை மகன். பந்து தன்னை நோக்கி வந்தால் கையால் முகத்தை மூடிக்கொள்கிறவன். அப்புறம் கோயில் பூசாரி. அப்புறம் ஃபெக்டரியில் கொழுந்து மூட்டை தூக்குகிற ஒரு பெருத்த மனுஷர். அவர் மட்டையைத் தொட்டு நான் பார்த்ததேயில்லை. மாமாவையும் சேர்த்துப் பதினொரு பெயர் முடிந்தது. ரயில் பாதை வரைக்கும் பந்தை அடிக்கிற என் அண்ணன் இல்லை. லொறி ட்ரைவரின் மகன் இல்லை, அவன் இருபது கஜம் ஓடிப்போய்ப் பிடி பிடிப்பான். நான் இல்லை.

மாமா மறந்துவிட்டார் என்று நினைத்து, அவர் கண்ணில் படும்படி முன்னால் போய் நின்றேன். அவர் என் தலைக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்தத் தோட்டத்துல இதுவரைக்கும் வெளயாடினதுலயும் சரி, இனிமே வெளயாடப் போறதுலயும் சரி, இதாங்க டீமு."

சிரிப்பு வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன், கோபித்துக்கொண்டு போவான் என்று. அவனோ, அப்போ மிச்சம் இருக்கிற நாங்க எதிர்ப்பக்கம் என்று சாதாரணமாகச் சொல்லி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். சரிதான், அந்தப் பதினொரு பேரையும் பத்து ஓவரில் சுருட்டி, யார் சிறந்த அணி என்று காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

லயத்துக்குக் கீழே இருந்த சரிவான புல்தரைதான் மைதானம். கொழுந்து பறிக்கும்போது மட்டம் பார்க்கப் பிடிக்கிற மட்டக்கம்புகளை வெட்டி விக்கெட் நட்டிருந்தோம். அப்பா அம்பயர். அவர் ஒரு சதத்துக்குக்கூடப் பொய் சொல்லாதவர் என்று துரை பங்களா வரைக்கும் பெயர் வாங்கியவர். அதனால்தான் எல்லா மெச்சுக்கும் அவரையே நிறுத்துவார்கள். பொம்பிளைகள் எல்லாரும் மேட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விறகு, துணி என்று ஆயிரம் வேலை. கிரிக்கெட் பார்க்க வந்ததே அன்றைக்குத்தான்.

மாமா முதலில் ஆட வந்தார். அண்ணன் பந்தை என்னிடம் கொடுத்தான். ஓடி வந்து போட்டேன். நடுக்கம்பு பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினால், அப்பா பக்கவாட்டில் ஒரு கையை நீட்டியபடி நிற்கிறார்.

"நோ பால்," என்றார்.

என் கால் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே இருந்தது. இன்றைக்கும் அதே இடத்தில் நின்று காட்டுவேன். அப்பாவை நான் வெறித்துப் பார்க்க, அவர் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தானே போய்க் கம்பை எடுத்து நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினார்.

"நல்ல பந்துடா மருமவனே," என்றார் மெதுவாக.

என்னுடைய அடுத்த ஓவரிலும் கம்பு விழுந்தது. அப்பாவின் கை திரும்பவும் நீண்டது. ட்ரைவர் மகன், உள்ளங்கையில் வந்து உட்கார்ந்த பந்தை, கோழிக்குஞ்சை இறக்கிவிடுகிற மாதிரி புல்லில் இறக்கிவிட்டான். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு சுற்றிய மட்டைக்கு நாலு ஓட்டம் கிடைத்தது. பெரியப்பா ஓடி முடிக்கும் வரைக்கும் என் அண்ணன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். நான் கத்தினேன். எல்லாரும் கள்ள ஆட்டம் ஆடுறீங்க என்று சொல்லி அழவும் அழுதேன். ஒருவரும் என்னை அதட்டவில்லை, ஒருவரும் பதில் சொல்லவுமில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி.

மாமாவின் அணி ஜெயித்தது. ஜெயித்தவர்கள் துள்ளவில்லை. மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, பிளேன்டீயும் சீனியும் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் ஃபெக்டரியையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் டீயைத் தொடவில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பதினொரு வீட்டுக்கும் இந்தியாவுக்கு ஒரேயடியாகப் போக பாஸ்போட் வந்து, நாளும் குறித்தாகிவிட்டது. இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டபோது, அப்பா இந்த நாட்டுப் பிரஜையாக எழுதிக் கொடுத்தவர், மாமா அந்த நாட்டுக்கு எழுதிக் கொடுத்தவர். லயத்தில் அடுத்தடுத்த காம்பரா அறை, ஒரே பீலிக் குழாய்த் தண்ணீர், ஆனால் நாடு வேறு. இந்தியா போகிறார்கள் என்ற பேச்சு என் காதிலும் விழத்தான் செய்தது. ஆனால் எனக்குத் தெரிந்து இந்தியா போனவர் பதுளை ஜவுளிக்கடை முதலாளி ஒருவர்தான். அவர் வருஷத்துக்கு ஒரு தடவை போவார், சேலைக் கட்டும் முறுக்கு டின்னுமாகத் திரும்பி வருவார். இந்தியா என்றால் போய்விட்டு வருகிற இடம்.

அதனால் நானே ஒரு கணக்குப் போட்டேன். மாமா அணி எடுத்தார். எடுத்த பதினொரு பேரும் இந்தியா போகிறார்கள். அப்படியென்றால் அங்கே விளையாடப் போகிறார்கள். ரேடியோவில் எல்லா நாட்டு அணியும் அப்படித்தானே போய் வருகிறது? என்னை எடுக்காமல் விட்டதால்தானே எனக்கு இந்தியாவுக்குக் கப்பல் பயணம் கைநழுவிப் போனது? இதை அம்மாவிடம் சொல்லிச் சண்டை போட்டேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "ஆமாடா, வெளயாடத்தான் போறாங்க. கம்முனு இரு" என்றாள். அதோடு எனக்கு உறுதியாகிவிட்டது.

தெமோதரை ஸ்டேசனுக்கு எல்லாரும் நடந்தே போனோம். அன்றைய கோச்சியில் மாமாவோடு ஏழு குடும்பம், மற்றவர்கள் அடுத்த வாரம். தகரப் பெட்டி, பாய்ச் சுருட்டு, அம்மிக்கல்கூட ஒரு சாக்கில் கட்டி இருந்தது. விளையாடப் போகிற இடத்துக்கு அம்மிக்கல் எதற்கு என்று தோன்றியது, ஆனால் அத்தையின் சமையல் இல்லாமல் மாமாவால் ஆட முடியாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரியவர்கள் யாரும் அதிகம் பேசவில்லை. போய்க் கடிதம் போடுங்க, உடம்பைப் பார்த்துக்குங்க, அவ்வளவுதான். அழக்கூடாது என்று எல்லாரும் முன்னமே பேசி வைத்துக்கொண்டது போல் இருந்தது.

கோச்சி அசைந்தது. ஜன்னலில் மாமாவின் முகம் தெரிந்தது. எனக்குக் கோபம் முழுசாகத் தீரவில்லை, ஆனாலும் கேட்காமல் விட்டால் அடுத்த முறையும் விட்டுவிடுவார் என்ற பயம். ஜன்னலோடு கூடவே ஓடிக்கொண்டு, எனக்கு வாய்த்த பெரிய தொண்டையால் கேட்டேன்:

"மாமா, அடுத்த தடவ டீமு எடுக்கையில என்னையும் எடுங்க!"

மாமா முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் ஏதோ உடைந்த மாதிரி சத்தம் வந்தது. திரும்பினேன். அம்மா பிளாட்போரத்தில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அதுவரை நான் அழுது பார்த்திராத அப்பா, துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். பெட்டிக்குப் பெட்டி ஜன்னல்களிலிருந்தும் அழுகை கிளம்பி, கோச்சிச் சத்தத்தையே அமுக்கிவிட்டது.

நான் திகைத்துப்போனேன். கேட்கக்கூடாத எதைக் கேட்டுவிட்டேன் என்று புரியவில்லை. ஒரு இடம்தானே கேட்டேன்? மாமா ஒரு தடவை தலையை வெளியே நீட்டி, சரி என்று ஆட்டிவிட்டால் போதும் என்று, கடைசிப் பெட்டியும் வளைவில் மறைகிற வரைக்கும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.