பிரித்துப் பார்க்காத சிவப்பு பஸ் புத்தகம்

பிள்ளைகளே, 1991-ல் என் மகள் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் மூன்றாவது படித்தாள். வகுப்பில் கதை வாசித்துக் காட்டச் சொல்லி அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நான் எட்டாவதோடு நின்று சைக்கிள் கடை வைத்தவன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டையில் சிவப்பு பஸ் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல் போய்விட்டேன்.

கதையில் ஒரு அப்பா பஸ் ஏறி வெளியூர் போகிறார். மகள் பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்பி, வாசிக்கும் முன் கண்ணை ஓட்டினேன். அந்த அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துவிடுகிறார். என் எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவின் அப்பாவும் அப்போது மெட்ராஸ் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்.

புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, "அப்பா ஏன் இன்னும் வரல? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"பஸ்ஸு பஞ்சர். மாமா கடையிலதான் நின்னுகினு கீது" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "டீ குடிக்க எறங்கியிருப்பாரு மாமா. லேட்டானாலும் வந்துடுவாரு" என்றாள்.

"அதாம்மா கதை" என்று முடித்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள் அப்பா மெலிந்துபோய் என் கடைக்கு வந்தார். "இன்னாண்ணே, நான் டீ குடிக்கப் போயிருந்தேன்னு எம் பொண்ணு எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறா" என்று சிரித்தார்.

இப்போது பேரப்பிள்ளைகளின் வகுப்பில் வாசிக்கிறேன். எந்தப் புத்தகத்தையும் முதல் நாளே கடைசிவரை படித்துவிடுகிறேன். அட்டையில் பஸ் இருந்தால் இரண்டு தடவை படிக்கிறேன்.