மூட்டம் படியாத தட்டு

இரண்டு கைகள் பித்தளைத் தட்டைச் சுண்ணாம்புப் பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தன. நகங்கள் மஞ்சளேறி, ஓரங்கள் கரைந்திருந்தன. தேய்த்துக் கழுவித் துடைத்தாயிற்று. இனி ஊதிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கைகளுக்குரியவருக்குத் தெருவில் ‘ஆசிட் அண்ணன்’ என்று பெயர். முப்பது வருஷமாகப் புதுப் பித்தளையில் அமிலத்தால் கொடியும் பூவும் அரித்தெடுத்து, நூறு வருஷத்துச் சாமான் போலக் கறுக்க வைத்துத் தருகிறார். கழுவிய தட்டில் ‘ஹா’ என்று ஊதினால் மூச்சு மூட்டமாகப் படியும். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் மட்டும் படியாது. அமிலம் படக் கூடாத இடத்தை மூடப் பூசும் மெழுகும் அங்கே பிடிக்காது. அமிலம் அடியில் புகுந்துவிடும். போன தட்டில் பாதிக் கொடி அப்படித்தான் அழிந்து போயிற்று. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குறேன்” என்று, இவரிடம் வாங்கிப் பழஞ்சாமானாக விற்கும் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஊதினார். உள்ளங்கை அளவுக்குக்கூட மூட்டம் வரவில்லை. இருமல்தான் வந்தது.

“நகருங்க, நான் ஊதுறேன்” என்றாள் மனைவி.

“நீ ஊதித்தான் நான் பிழைக்கணுமா? போ அந்தப் பக்கம்.”

“மெழுகுவத்தி அணைக்கவே மூணு தடவை ஊதுறீங்க. வீம்புக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல.”

“சுத்தமாத்தான் இருக்கு” என்று சொல்லி மெழுகை உருக்கிப் பூசினார். அன்று முழுக்க மெழுகின் மேல் ஊசியால் கொடி கீறினார். மறுநாள் காலை தட்டை அமிலத் தொட்டியில் இறக்கி, எழும் குமிழிகளை இறகால் தள்ளிக்கொண்டிருந்தார். கோடுகளில் மட்டும் எழ வேண்டிய குமிழி, கோடே இல்லாத ஒரு மூலையிலும் எழுந்தது. வெடுக்கென்று தட்டைத் தூக்கினார். அதற்குள் காரியம் கெட்டிருந்தது.

மெழுகை வழித்ததும் மூலையில் அம்மைத் தழும்பு போல ஏழெட்டுக் குழிகள். மனைவி எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. கறுப்பேற்றினால் மறையும் என்று நினைத்தார். கறுப்பு குழிக்குள் போய் உட்கார்ந்து இன்னும் எடுப்பாகக் காட்டியது.

சாயங்காலம் கடைக்காரர் வந்து தட்டை ஜன்னல் பக்கம் திருப்பினார். கட்டைவிரலால் குழிகளைத் தடவினார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்படிண்ணே இது? நிஜமாவே மண்ணுக்குள்ள கிடந்து எடுத்த மாதிரி இருக்கே!”

“மூச்சு பத்தல தம்பி. சரியா ஊத முடியல.”

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கு ஏன் இந்த நடிப்பு? இதே மாதிரி இன்னும் பன்னிரண்டு போடுங்க, குழியோட.”

“பன்னிரண்டா?” மனைவியின் பார்வை தொட்டியிலிருந்து கணவரின் நெஞ்சுக்குப் போயிற்று. “ஐயா, இவருக்கு…”

“போட்டுடலாம் தம்பி” என்று அவர் முந்திக்கொண்டார். அவள் பக்கம் திரும்பாமலே தட்டைப் பழந்துணியில் சுற்றினார். முடிச்சுப் போடும்போது ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் நீட்டினார். கடைக்காரர் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.