குணசேகரன் வாயால் கட்டிய வீடு

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அறை. அன்று காலை நான் மட்டும் உட்கார்ந்து ஒரு துணிக்கடையின் முகப்பை வரைந்துகொண்டிருந்தேன். என் கூட்டாளி குணசேகரன் கோலியனூர்க்காரர். தினமும் விழுப்புரம் வந்து ரயில் பிடித்து வருகிறவர். வண்டி தாமதமானால் எனக்குப் போன் செய்து ரயில்வேயைத் திட்டித் தீர்ப்பது அவர் வழக்கம். அதனால் அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும் சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன். "இன்னா குணா, எங்க நிக்குது வண்டி?" என்றேன். பேசியது அவருடைய அண்ணன் ஏழுமலை. "பாய், தம்பி போயிட்டான். மாரு வலிக்குதுன்னான். ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி." நான் மறுபடியும் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏழுமலை அழுதார்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் வீடு வரைந்து வாங்கியவர்கள், மீதிப் பேர் அவரோடு சண்டை போட்ட கொத்தனார்கள். இரண்டு தரப்புக்கும் அவரைப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டப்போகும் வீடு எப்படி இருக்கும் என்று கணினியில் முப்பரிமாணமாகச் செய்து காட்டுவது எங்கள் தொழில். நாங்கள் இருவரும் சேர்ந்து பல வருடங்கள் அதைச் செய்தோம். அவர் செய்தவற்றில் அவர் செய்தபடியே எழுந்து நின்றது எதுவுமில்லை. நினைவஞ்சலியில் இப்படி எழுதக் கூடாது என்று சொல்வீர்கள். ஆனால் இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அனந்தபுரத்தில் ஒரு மளிகைக் கடைக்கு முகப்பு செய்தார். சந்தைக்கு வருகிற கிராமத்து ஜனங்கள் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்கிறார்கள் என்று கடைக்கு வெளியே நீளமாக ஒரு நிழற்கூரை இழுத்திருந்தார். உட்காரக் கட்டையும் உண்டு. முதலாளி படத்தைப் பார்த்து ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். கட்டி முடித்தபோது கூரையும் இல்லை, கட்டையும் இல்லை, முன்பக்கம் முழுக்கப் பச்சைக் கண்ணாடி. குணசேகரன் மெனக்கெட்டு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பாய், கடையோட பேரு மட்டும் நாம போட்ட எடத்துல இருக்குது" என்றார். அதற்கு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தை அன்று அவர் பிரிக்கவில்லை.

எங்கள் ஊர் கோட்டக்குப்பத்தில் நடந்தது இதைவிட மோசம். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் குவைத்தில் வேலை செய்கிறான். வீடு கட்டப்போகிறேன், படம் செய்து அனுப்புங்கள் என்று கேட்டான். குணசேகரன் அதற்காகப் பாடுபட்ட மாதிரி வேறு எதற்கும் பாடுபட்டு நான் பார்த்ததில்லை. நிலைப்படியில் காலை வெயில், சுவரோரம் மழை வழிந்த கறை, மொட்டைமாடிக் கொடியில் துணி என்று எல்லாம் வைத்திருந்தார். பையன் அந்தப் படத்தைத் தன் அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டான், விவரம் எதுவும் எழுதாமல். அந்த அம்மா எனக்குப் பெரியம்மா முறை. மகன் தனக்குச் சொல்லாமலேயே வீட்டைக் கட்டி முடித்துவிட்டான் என்று நினைத்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு, கையில் சர்க்கரைப் பையோடு மனைக்குப் போய்விட்டார்கள். அங்கே வேலிக்காத்தான் முள் மட்டும்தான் இருந்தது. அங்கிருந்தே எனக்குப் போன் செய்து, "வூட்டக் காணமேடா" என்றார்கள்.

நாங்கள் இருவரும் ஓடினோம். பெரியம்மா முள்ளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனையும் மனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வாசப்படியில வெயில் அடிச்சிக்கினு இருந்திச்சேப்பா" என்று குணசேகரனிடம் கேட்டார்கள். அவர் தன் கையால் வைத்த வெயில் அது. திரும்பி வரும்போது நான், உன் வேலைக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடைக்காது என்று கிண்டல் செய்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நம்பற மாதிரி செய்யலாம் பாய். நம்பவெச்சிடக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொரு படத்தின் மூலையிலும் 'இது படம்' என்று எழுதினார். அதை எடுங்கள் என்று வாடிக்கையாளர்கள் சண்டை போட்டார்கள். எடுக்கவில்லை.

வீடுகள் தவிர அவர் ஆசைப்பட்டுச் செய்தது ஒன்றே ஒன்று. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன அல்லவா, அவற்றைச் சுற்றிச் சுற்றி போனில் படம் எடுத்துவந்து கணினியில் மாதிரியாகச் செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரையில் திருப்பிப் பார்த்துப் படிக்கட்டும் என்று. அந்த ஊர்க் கோயிலில் வக்கிரகாளியம்மனைக் கும்பிட வந்தவர்கள், இந்த மனுஷன் கல்லைச் சுற்றி எதற்கு மண்டி போட்டுக்கொண்டு போகிறார் என்று வேடிக்கை பார்த்தார்கள். சில பள்ளிகளில் போய்க் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று டீ கொடுத்து அனுப்பினார்கள். அவ்வளவுதான். போன வருடம் அதைத் திறந்துபார்க்கலாம் என்று உட்கார்ந்தார். புதிய மென்பொருள் அந்தப் பழைய கோப்பைத் திறக்க மறுத்துவிட்டது. "கல்லா மாறினப்புறமும் அந்த மரத்துல வரி வரியா வயசு தெரியுது பாய். நாம செஞ்சது நாலு வருசத்துல தொறக்க மாட்டேங்குது" என்றார். நான் அதற்கு ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சமாதானத்துக்கு அங்கே என்ன இருந்தது?

கடைசி வருடத்தில் வருகிறவர்கள் எல்லாம் போனில் ஏற்கெனவே ஒரு படத்தோடு வந்தார்கள். இரண்டு வரி எழுதிக் கேட்டால் இயந்திரமே வீட்டுப் படம் கொடுத்துவிடுகிறது. குணசேகரன் பொறுமையாக ஒவ்வொருவருக்கும் காட்டுவார். "இந்தப் படிக்கட்டு எங்க போவுதுன்னு பாருங்க. செவுத்துல போயி முட்டிக்கினு நிக்குது." அவர்களும் உற்றுப் பார்ப்பார்கள். "அத மேஸ்திரி பாத்துக்குவாரு சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அவருக்கு வரவில்லை. தன் நாற்காலியில் வெறுமனே உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவர் தனக்காக ஒரு வீடு செய்துகொண்டிருந்தார். கோலியனூரில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுகிற நிலத்தை ஒட்டி அவர் பங்குக்கு ஒரு மனை இருந்தது. அந்த வீடு அவருடைய லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அறையில் இருக்கிற கணினியில் ஒரு பிரதி வைக்கச் சொன்னேன். "வேணாம் பாய். அவசரத்துல நீங்க எவன் வூட்டுக்காச்சும் என் ஜன்னல எடுத்து மாட்டிடுவீங்க" என்றார். எங்கள் தொழிலில் அப்படித்தான். ஒரு வீட்டுக்குச் செய்த ஜன்னல் பத்து வீட்டுக்குப் போகும். தன்னுடையதை மட்டும் அவர் யாருக்கும் தர விரும்பவில்லை. மனைவி சுமதிக்குக்கூட அதைக் காட்டியதில்லை. முழுசாக முடியட்டும் என்பார். சாப்பிடும்போது வாயால் மட்டும் சொல்வாராம்.

கருமாதிக்கு நான் போயிருந்தேன். வீட்டைக் கழுவிவிட்டு வெள்ளையடித்திருந்தார்கள். அவர் படுத்த தலையணை, போர்வை, உடுத்திய துணிமணிகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். லேப்டாப்பைப் பற்றிக் கேட்டேன். ஏழுமலை உள்ளே போய் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். புதிதுபோல் துடைத்திருந்தது. "செத்தவன் பொருள அப்டியே வெச்சிக்கினு இருக்கக் கூடாதுன்னாங்க பாய். இத தூக்கிப் போட மனசு வரல. வெல ஒசந்த பொருளு. அவன் பொண்ணு காலேஜிக்கு ஆவுமேன்னு, விழுப்புரத்துல கடையில குடுத்து உள்ள இருந்ததெல்லாம் அழிச்சி சுத்தம் பண்ணி வாங்கியாந்துட்டேன்" என்றார்.

நம் பேச்சில் ஒரு காரியம் அடியோடு கெட்டுப்போனால் 'சுத்தம்' என்போம். அந்த ஒரு சொல்தான் அப்போது எனக்கு வாயில் வந்தது. சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன். தம்பியின் துணியை எடுத்த அதே கையால், அதே துக்கத்தோடு அவர் அதையும் செய்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு உதவட்டும் என்று நல்லது நினைத்துச் செய்திருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள வழியில்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவரைத் தேடிப் பிடித்து அந்த லேப்டாப்பைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

சில நாள் கழித்து சுமதி திண்டிவனம் அறைக்கு வந்தார். "அண்ணா, அந்த வூட்ட ஒரு வாட்டி காட்டுங்க. கட்டித் தாங்கன்னு கேக்கல. பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். அழிந்துபோன விஷயம் அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அவர் அழவில்லை. புடவை முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத் தாளாமல், "குணா சொன்னத நீ சொல்லும்மா. அதே மாதிரி நான் போட்டுக் குடுக்கறேன்" என்றேன்.

சுமதி கண்களை மூடிக்கொண்டார். "படி ஏறினதும் சோத்தாங்கை பக்கம் செருப்பு வுட ஒரு மாடம். அதத் தாண்டினா கூடம். கூடத்துல ஜன்னல் தாழ இருக்கும். கீழ ஒக்காந்தாலும் மல்லாட்டைக் கொல்லை தெரியும்னு சொல்வாரு." அவர் சொல்லச் சொல்ல நான் வேகவேகமாகப் போட்டேன். படி, மாடம், கூடம், ஜன்னல். கண்ணைத் திறந்து பார்த்தவர், "இது இல்லண்ணா" என்றார். ஜன்னலை இன்னும் இறக்கினேன். "இதுவும் இல்ல." சுவரைத் தள்ளிவைத்தேன். அவர் திரையைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாண்ணா. நிறுத்திடுங்க. நீங்க போடப் போட எனக்கு அவரு சொன்னது மறந்துக்கினே போவுது. அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்குது" என்றார்.

மூடப் போனபோது, சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். சுமதி எழுந்து படியிறங்கிப் போனார்.

காலம் ஆற்றும் என்று தயவுசெய்து யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். குணசேகரன் தனக்கென்று செய்த வீட்டில் ஒரு சுவர்கூட என்னிடம் இல்லை. அவர் தன் மனைவிக்கு மட்டும் சொன்ன வீட்டில், அவர் மனைவி வழி சொல்ல, வாசற்படியிலிருந்து கூடம் வரை நான் ஒருமுறை போயிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கொஞ்ச தூரம்தான். கூடத்துக்கு அந்தப் பக்கம் என்ன வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. இனி நான் கேட்கவும் மாட்டேன்.